அஞ்சலை என்ற பெயர் எங்கிருந்து வந்தது, எங்கே போனது?

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "என் பாட்டி பேர் அஞ்சலை. பிறக்கப்போகும் மகளுக்கு அதையே வைக்கலாம் என்று நானும் கணவரும் பேசிக்கொண்டிருக்கிறோம். மாமியார் வீட்டில், 'அது தோட்டத்துப் பேரு, பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கிண்டல் பண்ணுவாங்க' என்கிறார்கள். அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்? அந்தக் காலத்தில் நிறையப் பேருக்கு இருந்ததா? இப்போது ஏன் யாரும் வைப்பதில்லை?"

உங்கள் மாமியார் சொன்னது உண்மைதான் தங்கச்சி, அது தோட்டத்துப் பேர்தான். ஆனால் அது ஒரு தோட்டத்துப் பேர் மட்டுமில்லை, பல தோட்டத்துப் பேர். அவற்றில் சில நம் நாட்டிலேயே இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அர்த்தம். இந்தப் பேரைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். அஞ்சாவதாகப் பிறந்த பெண் என்பதால் அஞ்சலை என்பார் ஒருவர். 'அஞ்சாம் பெண் கெஞ்சினாலும் கிடைக்காது' என்ற பழமொழி கையிலிருப்பதால் அது உடனே எடுபடும். ஆனால் தோட்டத்தில் தலைப்பிள்ளைக்கும் அஞ்சலை என்று வைத்தார்கள், கடைக்குட்டிக்கும் வைத்தார்கள். எண்ணிப் பார்த்து வைத்த பேராகத் தெரியவில்லை. இன்னொருவர், அஞ்சலி என்பதுதான் பேச்சில் அஞ்சலை ஆனது என்பார். அதுவும் நிற்காது. அஞ்சலி என்று பெண்ணுக்குப் பேர் வைப்பது நம் மக்களிடம் பரவியது சினிமா வந்த பிறகு. அஞ்சலை அதற்கு மிக முந்தியது. கடலூர் அஞ்சலை அம்மாள் பிறந்தது 1890-ல்.

பெரும்பாலோர் சொல்வது, 'அஞ்சாதவள், பயமில்லாதவள்'. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, முக்கால்வாசி சரியும்கூட. ஆனால் அஞ்சாதவள் என்பதற்குத் தமிழ் சொல்வது 'அஞ்சாள்'. 'அஞ்சலை' என்பது எதிரில் நிற்பவரைப் பார்த்துச் சொல்லும் சொல்: அஞ்சாதே, பயப்படாதே. பழைய தமிழில் அஞ்சல், அஞ்சேல், அஞ்சலை மூன்றும் இதையே சொல்லும். கம்பராமாயணத்தில் அனுமன் இலங்கைக்குத் தூது போகிறான். 'வாலியின் மகன் அனுப்பிய தூதன் நான்' என்றதும் இராவணனுக்கு உள்ளூர ஒரு நடுக்கம். வாலியின் வாலில் கட்டுண்டு கிடந்த ஆள் அல்லவா! அப்போது அனுமன், 'அஞ்சலை, அரக்க!' என்று தொடங்கி, வாலி செத்துவிட்டான், அந்த வாலும் போய்விட்டது என்கிறான். தமிழில் இதைவிடக் குசும்பான ஒரு 'பயப்படாதே' எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, 'பயப்படாதே' என்று ஒரு பெண்ணுக்கு ஏன் பேர் வைக்க வேண்டும்? கோயிலுக்குப் போனால் விளங்கிவிடும். அம்மன் சிலையில் ஒரு கை உள்ளங்கையைக் காட்டி நிமிர்ந்திருக்குமே, அதுதான் அபயக் கை. அந்தக் கை சொல்வது 'அஞ்சேல்'. மயிலாடுதுறை மாயூரநாதர் கோயிலில் அம்மன் பேரே அபயாம்பிகை. அவளுக்குத் தமிழில் வழங்கும் பேர் அஞ்சல்நாயகி. அம்பிகை மயில் வடிவெடுத்துச் சிவனைப் பூசித்த தலம் என்று சொல்வார்கள். 'பயப்படாதே' என்று சொல்பவள் அஞ்சல்நாயகி. அவள் பேரைச் சுமக்கும் பெண்கள் அஞ்சலை, அஞ்சலம்மாள், அஞ்சலாட்சி. மீனாட்சி, விசாலாட்சி என்று காதுக்குப் பழகிப்போன ஒலியில் அஞ்சலாட்சியும் சேர்ந்துகொண்டாள். உங்கள் பாட்டியின் பேருக்கு நான் சொல்லும் பொருள் இதுதான். ஆகையால் உங்கள் மாமியாரிடம் 'தோட்டத்துப் பேர்' என்பதோடு 'அம்மன் பேர்' என்பதையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். பாதி எதிர்ப்பு அங்கேயே அடங்கிவிடும்.

அடுத்து, ஊர். பழைய தோட்டத்துப் பேர்களைக் கேட்டாலே கப்பல் ஏறியவர்கள் எந்தச் சீமையிலிருந்து வந்தவர்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ராமாயி, அங்காயி, பாப்பாயி என்று 'ஆயி' போட்டு முடிந்தால் சேலம், நாமக்கல், திருச்சிப் பக்கம். பேச்சியம்மா, இசக்கியம்மா என்றால் திருநெல்வேலி. பச்சையம்மா, பூங்காவனம், செங்கேணி, துரோபதை என்றால் வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு. அஞ்சலை இந்தக் கடைசிக் கூட்டத்தைச் சேர்ந்தவள். கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் போனால் வயதானவர்களிடம் இன்றும் கேட்கலாம். தஞ்சாவூர்ச் சீமையின் மாயவரம் பகுதியிலும் உண்டு. அங்கே அம்மனே இருக்கிறாளே. மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் எடுத்த மாவட்டங்களிலும் ஆற்காடுகளும் தஞ்சாவூரும் முன்வரிசையில் இருந்தன. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பல் ஏறி, பினாங்கிலோ கிள்ளான் துறைமுகத்திலோ இறங்கினார்கள். 1938-ல் இந்திய அரசாங்கம் தோட்டக்கூலிகள் வெளியேறுவதைத் தடுத்து நிறுத்தும்வரை கங்காணி கூட்டிவந்த கும்பல்களில் அஞ்சலைகள் வந்துகொண்டே இருந்தார்கள்.

கப்பல் மலாயாவுக்கு மட்டுமா போனது? மொரிசியசுக்கும் போனது. அங்கே 1943 செப்டம்பர் 27-ஆம் தேதி, பெல்வியூ ஹாரல் என்ற கரும்புத் தோட்டத்தில் கூலிக்காகவும் நியாயமான வேலைநிலைக்காகவும் போராடிய தொழிலாளர்கள் மேல் போலீஸ் சுட்டது. செத்தவர்களில் ஒரு கர்ப்பிணிப் பெண். பேர் அஞ்சலை குப்பன். அங்கே பிரெஞ்சு எழுத்து வழக்கத்தில் 'கூப்பென்' என்று எழுதுவார்கள். அது நம்முடைய குப்பன்தான். முந்திப் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பையில் போட்டு எடுத்து, 'குப்பன், குப்பம்மா' என்று வைப்பார்களே, எமனுக்கு வேண்டாத பிள்ளை என்று காட்ட, அந்தக் குப்பன். பயப்படாதே என்று ஒரு பேர், எமனை ஏமாற்ற ஒரு பேர். அந்த இரண்டையும் சேர்த்து வைத்திருந்த பெண்ணைத் தோட்டாவிடமிருந்து யாரும் காப்பாற்றவில்லை. மொரிசியசின் வடக்கே இன்று ஒரு பெரிய விளையாட்டரங்கத்துக்கு அஞ்சலை அரங்கம் என்று பேர். நம் ஊரில் அஞ்சலை என்ற பேரில் ஒரு லயம் (தோட்டத்து வீட்டு வரிசை) கூட இல்லை என்பது வேறு கதை.

அதே 1943-ல் இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று பாருங்கள். சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து, பெண்களுக்கான ஜான்சி ராணி படையைத் தொடங்கினார். பயிற்சி முகாம் திறந்தது அக்டோபர் 22, மொரிசியசில் துப்பாக்கிச் சூடு நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கேப்டன் லட்சுமி தலைமையில் சேர்ந்த பெண்களில் பலர் மலாயாவில் வளர்ந்த தமிழ்ப் பெண்கள், ரப்பர் பால்வெட்டும் குடும்பத்துப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அந்தப் படையில் இருந்தவர்தான் கோலாலம்பூர் செந்தூலைச் சேர்ந்த அஞ்சலை பொன்னுசாமி. 2022-ல் தமது 102-ஆவது வயதில் காலமானார். இந்தியப் பிரதமரே இரங்கல் தெரிவித்தார். நம் நாட்டுச் செய்திகளில் 'அஞ்சலை' என்ற பேர் அவ்வளவு மரியாதையாக அச்சானதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இன்னொரு அஞ்சலை, மேலே சொன்ன கடலூர் அஞ்சலை அம்மாள். 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கியவர். 1927-ல் சென்னையில், 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரி நடந்த போராட்டத்துக்குத் தம் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு போய்ச் சிறைப்பட்டார். காந்தி அவரைத் தென்னாட்டு ஜான்சி ராணி என்றார். 1937-ல் சென்னை சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1961-ல் மறைந்தார். 2024 அக்டோபரில் நடிகர் விஜய் தம் கட்சி மாநாட்டை விக்கிரவாண்டியில் நடத்தியபோது கொள்கைத் தலைவர்களில் ஒருவராக அவர் படத்தையும் வைத்தார். அதற்குப் பிறகு இங்கே இளைய பிள்ளைகள்கூட 'யார் இந்த அஞ்சலை அம்மாள்?' என்று தேட ஆரம்பித்தார்கள்.

இந்தக் கடலூர்க் கதையில் ஒரு சின்ன விஷயம் உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்தும். அவரோடு சிறைக்குப் போன மகளின் பேர் அம்மாக்கண்ணு. காந்தி அந்தப் பிள்ளையை வார்தா ஆசிரமத்துக்குக் கூட்டிப்போய், லீலாவதி என்று பேர் மாற்றினார். அம்மாக்கண்ணு லீலாவதி ஆனாள்! நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். ஆனால் அடுத்த ஐம்பது வருடம் நம் ஆட்கள் வீட்டுக்கு வீடு செய்ததும் இதேதான்.

தோட்டத்துக்கு வருவோம். எவ்வளவு பேருக்கு இருந்தது என்று கேட்டீர்கள். எங்கள் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் சுவரில், உபயக்காரர் பேர் வெட்டிய ஒரு பளிங்குப் பலகை உண்டு. எழுத்துக்குள் பூசிய கறுப்பு மை முக்கால்வாசி உதிர்ந்துவிட்டது, விரலால் தடவித்தான் படிக்க முடியும். ஆண்கள் பேர் மேலே, பத்து வெள்ளி, இருபது வெள்ளி. பெண்கள் பேர் கீழே, இரண்டு வெள்ளி, ஐந்து வெள்ளி. பூங்காவனம், முனியம்மா, செங்கேணி, அப்புறம் அஞ்சலை, மறுபடி அஞ்சலை. இரண்டாவது அஞ்சலைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'ஆயாக்கொட்டகை' என்று போட்டிருக்கும். அங்கே பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தவர். பலகை வெட்டியவனுக்கே குழப்பம் வந்திருக்க வேண்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்திலும் இதே கதைதான். விடியுமுன் செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கிராணி (தோட்டத்து எழுத்தர்) பேர் கூப்பிடும்போது வெறும் 'அஞ்சலை' என்றால் போதாது. புருசன் பேரைச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் மேட்டு லயத்து அஞ்சலை, நெட்டை அஞ்சலை. கைநிறைய மங்கு (ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம்) கழுவிக்கொண்டே 'எந்த அஞ்சலை?' என்று அவர்களே திருப்பிக் கேட்பார்கள்.

ரூமி எழுத்துதான், அதாவது மலாய் எழுதும் ரோமன் எழுத்துதான், இந்தப் பேரைச் சிதறடித்தது. 1948-ல் அவசரகாலம் வந்து எல்லாருக்கும் அடையாள அட்டை எடுக்கச் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா வாயால் சொல்லுவார், எழுதுபவர் தன் காதில் விழுந்ததை எழுதுவார். ஒருவர் நடுவில் 'ஜே' போட்டார், ஒருவர் 'ஜி' போட்டார். முடிவில் ஒருவர் 'ஏ ஐ', ஒருவர் 'ஏ ஒய்', ஒருவர் இரண்டு 'இ'. ஒரே வீட்டில் அக்கா தங்கச்சிக்கு அப்பா பேரே வேறு வேறு எழுத்தில் இருப்பது நமக்குத் தெரியாததா? நீங்கள் எண்ணிக்கை தேட விரும்பினால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அரசாங்கத் தரவு இணையதளத்தில், ஒரு பேரைத் தட்டினால் எந்தப் பத்தாண்டில் எத்தனை பேருக்கு வைத்தார்கள் என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. ஓர் எழுத்துக்கூட்டலை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு 'இவ்வளவுதானா' என்று மூடிவிடாதீர்கள். எல்லாவற்றையும் போட்டுக் கூட்டுங்கள்.

ஏன் குறைந்தது? ஒரே காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரியார் 1929 கடைசியிலும் மறுபடி 1954-லும் மலாயா வந்து போனார். கோ. சாரங்கபாணி 1935-ல் சிங்கப்பூரில் தமிழ் முரசு நாளிதழைத் தொடங்கி, சீர்திருத்தத்தை எழுதிக்கொண்டே இருந்தார். 1952 முதல் தமிழர் திருநாள் என்ற விழா. அந்தக் காற்றில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வாத்தியார்கள் பிள்ளைகளுக்குக் கலைச்செல்வி, மலர்விழி, தமிழ்ச்செல்வி என்று பேர் எடுத்துக்கொடுத்தார்கள். முனியம்மாவும் குப்பம்மாவும் பின்னால் தள்ளப்பட்டார்கள். கூடவே அஞ்சலையும் போனாள். இதில்தான் எனக்கு ஒரு மனக்குறை. நல்ல தமிழ்ப் பேர் வைக்க வேண்டும் என்று புறப்பட்டவர்கள், கம்பன் வாயில் வந்த ஒரு தமிழ்ச் சொல்லை, கித்தாக்காட்டு (ரப்பர் தோட்டத்து) பெண்ணின் பேராக இருந்த ஒரே காரணத்தால் பட்டிக்காட்டுப் பேர் என்று ஒதுக்கிவிட்டார்கள். அதற்கடுத்து சினிமா வந்து சரோஜா, பத்மினி, சாவித்திரி. எழுபதுகளில் பரமேஸ்வரி, விஜயலெட்சுமி, சாந்தி, வசந்தி. எண்பதுகளில் கவிதா, பிரியா. இன்றைக்கு எண் சாஸ்திரக்காரர் எழுதிக் கொடுக்கும் லோஷினி, கவிஷ்னி வகை. கேட்க இனிமைதான், ஆனால் வகுப்பில் ஐந்து 'ஷினி' இருந்தால் டீச்சர் பாடு திண்டாட்டம்.

இன்னொரு காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. பாட்டி பேரைப் பேத்திக்கு வைப்பது நம் வழக்கம். ஆனால் மருமகள் மாமியார் பேரை வாயால் சொல்லக்கூடாது என்பதும் நம் வழக்கம். ஆகவே பத்திரத்தில் அஞ்சலை என்று இருந்தாலும் வீட்டில் பாப்பா, அம்மணி, ராசாத்தி என்று கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து தன் மகளுக்குப் பேர் தேடியபோது, அஞ்சலை என்பது காதில் பழகாத பேராகிவிட்டது. தோட்டங்கள் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறி, துண்டாடப்பட்டு, லயத்து ஆட்கள் தாமான் என்ற குடியிருப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போனபோது, விட்டுவந்த பலவற்றோடு பேரையும் விட்டார்கள். உங்கள் ஊரே அப்படிச் செய்ததுதானே? பத்தாங் பெர்ஜுந்தை என்ற பேர் கேட்க ஒருமாதிரி இருக்கிறது என்று 2007-ல் பெஸ்தாரி ஜெயா ஆக்கினார்கள். எங்கள் வயதுக்காரர்கள் வாயில் இன்னும் பழைய பேர்தான் வருகிறது.

கிண்டலைப் பற்றிய பயம் நியாயமானது, அதையும் பார்த்துவிடுவோம். தமிழ்ப்பள்ளி என்றால் 'அஞ்சல் நிலையம்', 'தபால்பெட்டி' என்பார்கள். தேசியப் பள்ளி என்றால் மலாய்ப் பிள்ளைகள் 'அன்ஜிங்' (மலாயில் நாய்) என்று இழுக்கப் பார்ப்பார்கள். இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அஞ்சலி என்ற பேரில் இந்த நாட்டில் எத்தனை பெண்கள் படித்து, வேலைக்குப் போய், நன்றாக இருக்கிறார்கள்! அவர்களுக்கும் அதே மூன்று எழுத்துதான் முன்னால் நிற்கிறது. அந்தப் பேரைக் கேட்டு எந்த மாமியாரும் முகம் சுளிப்பதில்லை. கடைசி எழுத்து ஒன்று மாறினால் தோட்டவாடை வந்துவிடுகிறதென்றால், குறை பேரில் இல்லை.

நட்சத்திரம் பார்க்கும் வீடு என்றால் இன்னொரு வழி. அ, இ, உ, எ இந்த நான்கும் கார்த்திகை நட்சத்திரத்துக்கு உரிய எழுத்துகள். குழந்தை கார்த்திகை முதல் பாதத்தில் பிறந்தால் 'அ' தானாகவே அமையும், யாரும் பேசமுடியாது. வேறு நட்சத்திரம் என்றால் அந்த எழுத்தில் ஒரு பேரைச் சேர்த்து இரட்டைப் பேராக வையுங்கள். அஞ்சலை பின்னால் வந்தாலும் பரவாயில்லை: மலர் அஞ்சலை, நிலா அஞ்சலை, கயல் அஞ்சலை, எல்லாம் கூப்பிட நன்றாகவே இருக்கின்றன. அஞ்சலைதேவி, அஞ்சலைஸ்ரீ என்று ஒட்டுப்போட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், பேரின் கட்டு குலைந்துவிடும்.

பதிவுக்குப் போகும்போது எழுத்துக்கூட்டலைத் தாளில் எழுதியே கொண்டுபோங்கள், வாயால் சொல்லாதீர்கள். ஏ, என், ஜே, ஏ, எல், ஏ, ஐ. 'ஜி' போட்டால் பள்ளியில் ஏஞ்சல் என்றுதான் படிப்பார்கள். தீபகற்பத்தில் குழந்தை பிறந்து 60 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். அதற்குள் மாமியார் சம்மதம் கிடைக்கவில்லை என்றால், பாட்டியின் பழைய அடையாள அட்டையைத் தேடி எடுத்து அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். அதிலுள்ள எழுத்துக்கூட்டல் எப்படியிருந்தாலும் பிள்ளைக்கு அதைப் பார்த்து எழுதாதீர்கள், நான் மேலே சொன்னதையே எழுதுங்கள்.